தீர்ப்பைத் தமிழில் தந்த முன்சீப்

அண்மையில் ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் நடத்திய புதிர்ப்போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். தமிழின் முதல் நாவல் எது, எழுதியவர் யார் என்ற கேள்வி வந்தது. கேள்வி முடிவதற்குள் நான்காம் படிவ மாணவி ஒருத்தி மணியை அடித்துவிட்டாள். பிரதாப முதலியார் சரித்திரம், மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முழுப் புள்ளி. அந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது. அவர் என்ன வேலை பார்த்தார் என்று, புள்ளி இல்லாத ஒரு கேள்வியை எல்லாக் குழுக்களிடமும் கேட்டேன். ஒருவர் ஆசிரியர் என்றார். இன்னொருவர் பத்திரிகை நடத்தியவர் என்றார். மூன்றாவது குழு வாய் திறக்கவில்லை.

அவர் நீதிபதி. அதற்கு முன்னால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். இந்த இரண்டாவது செய்தி எனக்கு மிக நெருக்கமானது. நானும் நம் நாட்டு நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்று ஓய்வு பெற்றவன்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்லிவிட்டு அவருடைய கதைக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு ஒரு தோட்டத்துப் பாட்டியைக் கொண்டுவந்தார்கள். செம்பனை உதிரிப் பழங்களைத் திருடியதாகக் குற்றச்சாட்டு. மலாயில் வாசிக்கப்பட்டதை நான் தமிழில் சொன்னேன். நல்ல தமிழில், பாடப்புத்தகத் தமிழில் சொன்னேன். குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறீர்களா என்றேன். பாட்டி ஆமாங்கய்யா என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒருவர் அதன் தன்மையையும் விளைவையும் புரிந்துகொண்டுதான் ஒப்புக்கொள்கிறாரா என்று நீதிமன்றம் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பது நம் சட்டம். அதையும் கேட்டேன், அதே தமிழில். அதற்கும் ஆமாங்கய்யா. அபராதம் விதித்தார்கள். வெளியே வராந்தாவில் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, வழக்கை எப்பொழுது விசாரிப்பார்கள், மண்டோர்தான் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார் என்பதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டார். பெரியவர்கள் எது கேட்டாலும் ஆமாங்கய்யா என்று சொல்லியே வளர்ந்தவர் அவர். நான் உடனே உள்ளே போய் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புது ஆள், பயம்.

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் பாட்டிக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. அந்த ஆண்டுதான் நூலகத்தில் வேதநாயகம் பிள்ளையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நாவலுக்காகப் படிக்கவில்லை. எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த ஒருவர் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ளத்தான்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826 அக்டோபர் 11ஆம் நாள் அவர் பிறந்தார். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் என்று கிழக்கிந்தியக் கம்பெனி பெயர் வைத்ததும் அதே 1826இல்தான். அந்தக் கம்பெனியின் ஆட்சியில்தான் குளத்தூரும் இருந்தது. தந்தை சவரிமுத்துப் பிள்ளை, தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் குடும்பம். இளைஞரானதும் தியாகப் பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். அந்த ஆசிரியரே திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஆகவே நம்மவருக்கு இரண்டு மொழிகளும் நீதிமன்ற வாசனையோடுதான் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1848இல் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணங்களைப் பாதுகாக்கும் வேலை கிடைத்தது. சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாளர் ஆனார். அன்றைய நீதிமன்றத்தைக் கற்பனை செய்து பாருங்கள். மேடையில் இருப்பவர் ஆங்கிலேயர். கீழே நிற்கும் வாதி, பிரதிவாதி, சாட்சி எல்லோரும் தமிழர். கடன் பத்திரம் தமிழில், நிலப் பத்திரம் தமிழில், சாட்சியின் வாக்குமூலம் தமிழில். நீதிபதி எழுதும் தீர்ப்பு மட்டும் ஆங்கிலத்தில். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் ஒரு குடும்பத்தின் நஞ்சை நிலம் கை மாறிவிடும்.

பிறகு முன்சீப் தேர்வில் தேறி, 1857இல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். தரங்கம்பாடி 1845 வரை டென்மார்க் நாட்டவர் கையில் இருந்த துறைமுகம். தமிழ் அச்சு வரலாற்றில் பெரிய பெயர் உள்ள ஊர். அங்கிருந்து சீர்காழி, பின்னர் மாயூரம். மாயூரம் என்பது இன்றைய மயிலாடுதுறை. அங்கே அவர் முன்சீப்பாக நெடுங்காலம் இருந்ததால்தான் ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

முன்சீப் என்பவர் சிவில் வழக்குகளை விசாரிக்கும் கீழ்நிலை நீதிபதி. கொலையும் கொள்ளையும் அவரிடம் வராது. பாகப்பிரிவினை, கடன், குத்தகை, வாய்க்கால் தண்ணீர், தத்துப்பிள்ளை, இவைதாம் வரும். படிப்பதற்குச் சுவையில்லாத வழக்குகளாகத் தோன்றும். ஆனால் சாதாரண மனிதன் வாழ்நாளில் நீதிமன்றப் படி ஏறுவது பெரும்பாலும் இந்த மாதிரி வழக்குக்காகத்தான்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. சட்டம் படிக்க நினைக்கும் மாணவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஆங்கிலேயர் கொண்டுவந்த நீதிமுறையில் சட்டப் புத்தகம் மட்டும் சட்டம் இல்லை. மேல் நீதிமன்றம் முன்பு கொடுத்த தீர்ப்பும் சட்டம் மாதிரிதான். இன்று நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் அப்படித்தான். கூட்டரசு நீதிமன்றம் ஒரு சட்டப் பிரச்சினையில் ஒரு முடிவு சொல்லிவிட்டால், அதே பிரச்சினை ஒரு சின்ன ஊர் நீதிமன்றத்தில் எழும்போது அந்த முடிவைத்தான் பின்பற்ற வேண்டும். ஆகவே வழக்காடுகிறவனுக்குப் பழைய தீர்ப்புகள் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றைய சென்னை மாகாணத்தில் கம்பெனியின் உச்ச நீதிமன்றமாக இருந்தது சதர் அதாலத். மக்கள் சதர் கோர்ட்டு என்பார்கள். மாகாணம் முழுவதிலிருந்தும் மேல்முறையீடுகள் அங்கே போகும். தத்து எடுத்தது செல்லுமா, விதவைக்குச் சொத்தில் என்ன உரிமை, பத்திரத்தில் எழுதாத வாய்ப்பேச்சு செல்லுமா என்று ஆண்டுக்கணக்காகத் தீர்ப்புகள் குவிந்தன. குவிந்தவை எல்லாம் ஆங்கிலத்தில்.

காவிரிக் கரையில் இருக்கும் ஒரு குத்தகைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வழக்கைப் போலவே ஒன்று சென்னையில் எப்போதோ தீர்ந்து, அவரைப் போன்றவர் பக்கம் தீர்ப்பும் ஆகியிருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. அவருடைய வக்கீலுக்கு ஆங்கிலம் அரைகுறை, அவருக்கும் தெரியாது. எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரியும். ஆனால் அவர் ஏன் வாய் திறக்கப் போகிறார்? நாட்டில் இருக்கும் ஒரு சட்டம், அது யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவருக்கு மட்டும் தெரியாத ரகசியமாக இருக்கிறது. இந்த நாடகத்தை வேதநாயகம் பிள்ளை மொழிபெயர்ப்பாளராகவும் பார்த்தார், முன்சீப்பாகவும் பார்த்தார்.

அவர் அந்தத் தீர்ப்புகளை எடுத்து உட்கார்ந்தார். 1805 முதல் 1861 வரை, ஐம்பத்தேழு ஆண்டுத் தீர்ப்புகள். அவற்றைச் சுருக்கித் தமிழில் எழுதி, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் 1862இல் வெளியிட்டார். சித்தாந்தம் என்றால் ஆராய்ந்து முடிந்த முடிவு. சங்கிரகம் என்றால் சுருக்கம். மேல் நீதிமன்றம் எந்தெந்தப் பிரச்சினையில் என்ன முடிவு சொன்னது என்பதை ஒரு தமிழர் தமிழிலேயே படிக்கலாம் என்ற நிலையை அந்த நூல் உண்டாக்கியது.

இதைப் பகலில் வழக்கு விசாரித்துவிட்டு மீதி நேரத்தில் செய்தார் என்பதை மறந்துவிடாதீர்கள். மேசையில் எண்ணெய் விளக்கு, கையில் மைதொட்டு எழுதும் பேனா. நான் ஒரு தீர்ப்பைத் தமிழாக்கவே கணினியும் அகராதியும் வைத்துக்கொண்டு மூன்று நாள் திணறியவன். சட்ட வாக்கியம் சாதாரண வாக்கியம் இல்லை. ஒரு தீர்ப்பில் நீதிபதி பத்துப் பக்கம் பேசுவார். அதில் எது வழக்கின் கதை, எது போகிற போக்கில் சொன்னது, எது பிற்காலத்தைக் கட்டுப்படுத்தும் முடிவு என்று பிரித்தெடுக்கத் தெரிய வேண்டும். மொழி தெரிந்தவனுக்கு அது வராது. சட்டம் மட்டும் தெரிந்தவனுக்கு அதைத் தமிழில் சொல்ல வராது. அவருக்கு இரண்டும் தெரியும்.

இன்னொரு தொல்லை சொற்கள். அன்றைய நீதிமன்றத் தமிழ் பாதி அரபு, பாரசீகம். முன்சீப், வக்கீல், தாவா, ஜாமீன், வாய்தா, ஜப்தி, அமீனா எல்லாம் அப்படி வந்தவை. நம் ஊர் மாணவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மலாயில் டக்குவா என்கிறோமே, அதுவும் தமிழ்நாட்டுக் கிராமத்தார் சொல்லும் தாவாவும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள். மலாய் வாக்கிலும் தமிழ் வக்கீலும் அப்படியே. ஜாமின், ஜாமீன் என்று நான் சொல்லவே வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் மலாயிலிருந்து தமிழுக்குப் போகும்போது இந்தச் சொற்கள் எதிரே வந்து தலையசைத்துவிட்டுப் போகும்.

அந்த நூல் வெளிவந்த 1862ஆம் ஆண்டிலேயே சதர் கோர்ட்டு இல்லாமல் போனது. அதன் இடத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வந்தது. பாடுபட்டு எழுதியது வீணாயிற்றே என்று நினைக்க வேண்டாம். நீதிமன்றத்தின் பெயர்ப்பலகை மாறினாலும் அது சொன்ன முடிவுகள் ஒரே நாளில் செத்துவிடுவதில்லை. ஒரு நீதிமன்றத்தின் மொத்த வாழ்நாளையும் ஏறக்குறைய முழுதாகத் தமிழில் சுருக்கித் தந்த நூலாக அது அமைந்துவிட்டது.

சட்டத்தோடு அவர் நிற்கவில்லை. 1859இல் நீதி நூல் என்ற செய்யுள் நூலை வெளியிட்டார். அதில் கைக்கூலி வாங்குவதைக் கண்டித்துப் பாடியிருக்கிறார். கைக்கூலி என்றால் லஞ்சம். நீதிமன்றத்துக்குள் உட்கார்ந்துகொண்டு லஞ்சத்தைப் பற்றி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள் படிப்பார்கள் அல்லவா? பெண்கள் கல்வி கற்க வேண்டும் என்று பெண்மதி மாலையும் கட்டுரைகளும் எழுதினார். எல்லா மதத்தாரும் பாடக்கூடிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை 1878இல் வெளியிட்டார். அவற்றில் சில இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகின்றன. இசையமைப்பாளர் விஜய் ஆண்டனி இவர் வம்சத்தில் வந்தவர் என்று சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். போட்டியன்று நான் அதைச் சொல்லிப் பார்த்தேன், நிமிர்ந்தார்கள்.

1872இல் பதவியை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 46. அதே 1872இல் நம் பக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. இந்தியா அண்மையில் தன் சட்டத்தை மாற்றி எண்களையும் மாற்றிவிட்டது. ஆனால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மோசடிக்கு இன்றும் பிரிவு 420தான். பழைய தமிழ்ப் படங்களில் ஏமாற்றுக்காரனை ஃபோர் ட்வென்டி என்று திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த எண் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

பதவியை விட்ட பிறகுதான் நாவல். பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. அதில் கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் போட்டுக்கொண்டு விக்கிரமபுரி என்ற நாட்டை ஆளும் பகுதி எல்லோருக்கும் பிடிக்கும். எனக்குப் பிடித்தது வேறு. கதையின் ஓரிடத்தில், தமிழர் ஊரில், தமிழ் நீதிபதிக்கு முன்னால், தமிழ்க் கட்சிக்காரர்களுக்காகத் தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுகிற கூத்தை அவர் கிண்டல் செய்கிறார். யாருடைய சொத்து போகப்போகிறதோ அவன் ஒருவன் மட்டும் ஒன்றும் புரியாமல் நிற்கிறான் என்பதுதான் அவருடைய ஆத்திரம். கதையை நிறுத்திவிட்டு ஆசிரியர் பிரசங்கம் செய்கிறார் என்று விமர்சகர்கள் குறை சொல்வார்கள். குறை உண்மைதான். ஆனால் இருபது ஆண்டுக்கு மேல் நீதிமன்றத்தில் காது கொடுத்துக் கேட்டவர் பேசுகிறார் என்று தெரிந்து படித்தால், அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ள மனம் வராது. எனக்கு அங்கே பாட்டியின் முகம் தெரியும்.

இடையில் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவழித்துக் கஞ்சித் தொட்டி வைத்து ஊராருக்கு ஊற்றினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கொடையைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். பாரதியார் சைவர். இவருடைய நெருங்கிய நண்பரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் சைவர். குளத்தூர்க் கோவை என்று இவர்மேல் ஒரு நூலே பாடியவர். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரோடும் கத்தோலிக்கரான இவருக்கு நல்ல நட்பு இருந்தது. உ.வே.சாமிநாதையர் இளைஞராக மாயூரத்தில் தமிழ் படித்தபோது இவரைப் பார்த்ததைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

பஞ்சத்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. அந்தக் காலத்தில் தஞ்சை, திருச்சி வட்டாரங்களிலிருந்து நாகப்பட்டினம் போய்க் கப்பலேறி, பினாங்குக்கும் புரவின்ஸ் வெல்லஸ்லி கரும்புத் தோட்டங்களுக்கும் வந்தவர்கள் ஏராளம். மாயூரத்திலிருந்து நாகப்பட்டினம் தொலைவில் இல்லை. வந்தவர்கள் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். அதை மீறினால் இங்கே மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டார்கள். அங்கேயும் நடுவில் ஒரு துபாஷி நின்றிருப்பார். அவர் எந்தத் தமிழில் பேசினாரோ.

பிற்காலத்தில் மாயூரம் நகராட்சித் தலைவராகவும் வேதநாயகம் பிள்ளை இருந்தார். 1887இல் இரண்டாவது நாவலாகச் சுகுண சுந்தரி வந்தது. 1889 ஜூலை 21ஆம் நாள் காலமானார்.

நான் வேலையில் இருந்த மீதி ஆண்டுகளில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மொழிபெயர்ப்பாளர் தம் இஷ்டத்துக்கு எதையும் சேர்த்துச் சொல்லக்கூடாது, அது விதி. ஆகவே வயதானவர் ஒருவர் எல்லாவற்றுக்கும் ஆமாங்கய்யா என்று சொன்னால், மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, தோட்டத்துத் தமிழில் மறுபடி கேட்பேன். நீங்க அதை எடுத்தீங்களா? யாரையும் கேட்டு எடுத்தீங்களா, கேட்காம எடுத்தீங்களா? இப்போ ஆமான்னு சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? சில மாஜிஸ்திரேட்டுகள் சலித்துக்கொண்டார்கள். பலர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒப்புதலை நீக்கிவிட்டு விசாரணைக்குத் தேதி கொடுத்த வழக்குகளும் உண்டு.

போட்டி முடிந்து கிளம்பும்போது மணியடித்த அந்த மாணவி பின்னாலேயே வந்து, சித்தாந்த சங்கிரகம் நூலகத்தில் கிடைக்குமா என்று கேட்டாள். முதலில் நாவலைப் படி, வக்கீல்கள் வருகிற இடத்தைத் தாண்டிப் போய்விடாதே என்றேன். உங்கள் பாட்டி எந்தத் தோட்டம் என்று அவளைக் கேட்டேன். சொன்னாள். எனக்குத் தெரிந்த தோட்டம்தான்.